அரிசி அளக்கும்போதே குறையுங்கள்

1898-ல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. கன்டோன்மென்ட் எனும் தண்டுப் பகுதியில், இன்றைய சிவாஜி நகரைச் சுற்றியிருந்த நெருக்கடியான சந்துகளில், வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். எலி வந்தால் ஜாக்கிரதை, வீட்டைச் சுத்தமாக வையுங்கள் என்று புத்திமதி சொன்னதோடு அன்றைய நிர்வாகம் நிற்கவில்லை. 1910-ல் ஒரு புதுப் பேட்டையையே கட்டத் தொடங்கியது. எலிக்கு இடம் கொடுக்காத வீடுகள், காற்றும் வெளிச்சமும் புகும் அறைகள், நெரிசல் இல்லாத அகலத் தெருக்கள். இதற்கான திட்டத்தில் முன்னின்ற ஜே.எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத ஊரமைப்பு என்றே தலைப்பு வைத்து 1914-ல் புத்தகம் போட்டார். அந்தப் பேட்டைதான் பிரேசர் டவுன். காகிதத்தில் அதன் பெயர் இன்று புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் இன்றும் பிரேசர் டவுன்தான்.

இந்தக் கதையை எடுக்கக் காரணம் இருக்கிறது. நோயைத் தடுக்க அவர்கள் மனிதனின் எச்சரிக்கை உணர்வை நம்பியிருக்கவில்லை. அசிரத்தையான ஆளும் தப்பிப் பிழைக்கிற மாதிரி வீட்டையும் தெருவையும் அமைக்கப் பார்த்தார்கள். இன்று நம்மைப் பிடித்திருக்கும் நோய் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இதற்கு நாம் தரும் மருந்து என்ன? ஜிம்முக்குப் போ, டயட்டில் இரு, மனசைக் கட்டுப்படுத்து. பிளேக் காலத்து ஆட்கள் போதாது என்று தள்ளிய அதே புத்திமதிதான். ஜனவரி முதல் தேதி ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் பொங்கலுக்குள் நின்றுவிடுகிறவர்களைச் சோம்பேறி என்று ஏசுவது சுலபம். என்னைக் கேட்டால், குறை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நாள் முழுக்க ஒரு விதமாக வாழ்ந்துவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் வேறு ஆளாக மாறச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

இது வெறும் அபிப்பிராயம் என்று நினைக்காதீர்கள். சென்னை திருமங்கலத்தில் நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பை, டாக்டர் வி. மோகன் தலைமையிலான ஆய்வுக் குழு 1990-களின் பிற்பகுதியில் ஆராய்ந்தது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். முடிவுகளைக் கேட்ட குடியிருப்புவாசிகள் தங்கள் சொந்தப் பணத்தில் நடப்பதற்கு ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை 58.7 சதவீதம். அதே குழு, தி.நகரில் வருமானம் குறைந்தவர்கள் வாழும் ஒரு பகுதியையும் கவனித்து வந்தது. பத்தாண்டில் அங்கே சர்க்கரை நோய் 6.5 சதவீதத்திலிருந்து 15.3 ஆக ஏறியது, திருமங்கலத்தில் 12.4-லிருந்து 15.4 ஆனது. வசதி குறைந்தவர்கள் வசதி உள்ளவர்களை நோயில் எட்டிப்பிடித்துவிட்டார்கள். பூங்காவால்தான் திருமங்கலத்தில் வேகம் குறைந்தது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. இரண்டு இடத்துக்கும் வித்தியாசங்கள் நிறைய. ஆனால் பயிற்சி நான்கு மடங்கு கூடியதற்கு, அங்கிருந்தவர்களின் மன உறுதி திடீரென்று நான்கு மடங்கானதா காரணம்? காலடியில் நடக்க இடம் வந்தது, பக்கத்து வீட்டுக்காரரும் நடந்தார். அவ்வளவுதான்.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனை கேட்பவர்களுக்கும் சென்னையிலேயே பதில் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வு. சர்க்கரையின் எல்லையில் இருந்த 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் தினமும் அரை மணி நேர நடை, சாப்பாட்டில் சில மாற்றங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மூன்று ஆண்டில், ஒப்பீட்டுப் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, இந்த ஆலோசனை பெற்றவர்களில் 39.3. கவனிக்க வேண்டிய சங்கதி, இவர்களின் எடை சொல்லும்படி குறையவில்லை என்பது. எடை பார்க்கும் மெஷின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

உலக அளவிலும் இந்தச் சிந்தனையின் வேர் அன்றாட வேலையில்தான் இருக்கிறது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கே போயிருப்பார்கள் என்று ஆட்சேபம் எழுந்தது, நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் நடந்து தபால் கொடுத்தவர்களையும் நாற்காலியில் இருந்த குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் சாய்வு அதே பக்கம். அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் படி ஏறவில்லை.

நேரமில்லை என்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது நாளுக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் நீக்கிவிட்டார்கள். இங்கே பிரேசர் டவுனில் கோல்ஸ் ரோட்டிலிருந்து மாஸ்க் ரோட்டுக் கடைக்கு ஸ்கூட்டரை எடுக்காமல் போய்வருவது கணக்கில் சேரும். சாப்பிட்டு முடித்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது இரட்டை லாபம், ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்த நடை அப்போதே கொஞ்சம் அமுக்கும். வீட்டு வேலையே போதாதா என்று பெண்கள் கேட்பது நியாயம்தான். மூச்சு சற்று வாங்கும் வேலையானால் அதுவும் சேரும். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது களைப்பைத் தரும், பயிற்சியைத் தராது. 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்களில் 42 சதவீதம். இந்த இடைவெளிக்குச் சோம்பல் காரணமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் யார் கழுவுகிறார்கள், யார் காற்றாட வெளியே போகிறார்கள் என்று அவரவர் வீட்டில் பார்த்தாலே புரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பிரேசர் டவுன் என்றதும் பலருக்கு நினைவு வருவது ரம்ஜான் மாலைகளில் மாஸ்க் ரோட்டில் கிளம்பும் புகையும் வாசனையும். அதை விடச் சொல்லப்போவதில்லை. வாரத்துக்கு இருபத்தொரு வேளை சாப்பிடுகிறோம். ஒரு வேளை பிரியாணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்ற இருபதையும் கேள்வி கேட்காமல் விடுவதுதான் நம் வழக்கம். 2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வெறும் 12. இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது, கர்நாடகத்தில் வாழும் நமக்கு அது கசக்கும். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு, அது உண்மை. அதற்காக ராகி முத்தே இரண்டை உருட்டி விழுங்கிவிட்டு ஆரோக்கியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே சோற்றைத் தட்டில் குறைக்காதீர்கள், அரிசி அளக்கும்போதே குறையுங்கள். நாலு பேருக்கு மூன்று டம்ளர் போடுகிற வீட்டில் இரண்டேகால் போடுங்கள். குக்கரில் சோறு மீந்திருந்தால் 'இன்னும் கொஞ்சம்' என்று ஒரு கை நீளும்; மறுக்க மன உறுதி வேண்டும். சோறே இல்லையென்றால் மறுக்க எதுவும் இல்லை. குறைந்த இடத்தில் வேறொன்று வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பா திறக்கும். இரவே ஊறப்போட்ட கொண்டைக்கடலையில் சுண்டல், பருப்புக் கூட்டு, முட்டை, தயிர்; மார்கழி, தை என்றால் பெங்களூர் முழுக்கக் குவிகிற அவரேகாய். கோழியும் மீனும்தான் புரதம், அதற்கு வசதி வேண்டும் என்பவர்களுக்கு அவரேகாய்க் குழம்பே பதில். டீயையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூன்று டீ குடித்தால் 25 கிராமை நெருங்கிவிடும். நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரை அதற்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்க்கடை பப்ஸ் வேறு தனிக் கணக்கு.

தாத்தா மூன்று வேளையும் சோறு தின்று தொண்ணூறு வயது இருந்தார் என்ற வாதம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தத் தாத்தா எப்படி வேலை செய்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அவரோடு பிறந்தவர்களில் ஐம்பதைத் தாண்டாதவர்களின் பேச்சும் வருவதில்லை.

இந்த மாற்றங்கள் எத்தனை நாளில் பழகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2010-ல் வெளியிட்டதில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய கெடுதல் செய்யவில்லை. எனவே ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், சோற்றின் அளவை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம்.

நடக்கச் சொல்கிறீர்கள், நடைபாதை எங்கே என்ற கேள்வி பாக்கி. இதுதான் வலுவான ஆட்சேபம், இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. உடைந்த கல்லைச் சரிசெய்வது மாநகராட்சியின் வேலை, அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லின் மேல் நிற்கும் வண்டி மாநகராட்சியுடையதல்ல. நோய் அண்டக் கூடாது என்று கட்டிய ஊரில் இருக்கிறீர்கள். உங்கள் வாசலில் நடைபாதை மேல் ஸ்கூட்டர் நின்றால் இன்றைக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.