பலகையில் யார் பெயர்?



பெண்கள் வியாபாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். தூரம் போக வேண்டாம், தெலுக் இந்தானில் எங்கள் மசாலைத்தூள் கடையையே எடுத்துக்கொள்வோம். மல்லி வறுப்பது, பக்குவம் பார்ப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அம்மா. பலகையில் இருந்தது அத்தா பெயர். அத்தா மறைந்தபின் அம்மா ஓரிடத்தில் கடன் கேட்டார். “உங்கள் பெயரில் வியாபாரம் ஏது?” என்றார்கள். முப்பது வருட உழைப்புக்குத் தாளில் ஒரு வரி இல்லை. தவறு எங்களுடையதுதான். தம் முதலில் வணிகம் நடத்திய கதீஜா நாயகியைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம்!

கைப்பேசியைத் தட்டினால் சீனாவிலிருந்து சாமான் வாசலுக்கு வருகிறது. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட அந்தச் சரக்குக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு. அதை நம்பிக் கடை நடத்த முடியுமா? அம்மாவின் பக்குவம் அங்கிருந்து வராது. எங்களுக்கு அதுதான் முதல்.

எஸ்எஸ்எம் பதிவுக்குச் சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரென்றால் 60. அந்தச் சான்றோடு வங்கிக் கணக்குத் திறக்கலாம், தெக்குன் ஸ்பூமி கடனுக்கு மனுச் செய்யலாம். வசதி குறைந்த பெண்களுக்கு அமானா இக்தியார் 1987 முதல் கடன் தருகிறது.

அம்மாவுக்குப் பதிவு எடுத்தபோது வயது 61. சான்றைக் கையில் வாங்கியவர் எங்களைப் பார்த்து, “பலகையை எப்ப மாத்தப் போறீங்க?” என்றார்.