யாரோடு ஆடுவாள்?



"இந்தக் காலத்துப் பிள்ளைங்க உடம்பை அசைக்கிறதே இல்லை" என்று பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இன்று நான் கேள்வி கேட்க வந்திருப்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களையும் பெரியவர்களையும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாட்டு மாணவர்களை வைத்து அதன் ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்குள் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண்பிள்ளைகளில் 85. அந்தப் பட்டியலில் இந்தியா கொஞ்சம் தேவலாம். காரணம் என்னவாக இருக்கும் என்றார்கள் தெரியுமா? பையன்களுக்குக் கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலை! அவன் பந்து போடுகிறான், அவள் பாத்திரம் தேய்க்கிறாள். கணக்கில் இரண்டும் ஒன்று. இதற்குப் பெருமைப்பட முடியுமா?

இதயத்துக்கு நல்லது என்று எண்ணி எந்தப் பதினைந்து வயதுப் பையனும் மைதானத்துக்குப் போவதில்லை. "டர்ஃப் புக் பண்ணியாச்சு, ஒரு ஆள் குறையுது, வர்றியாடா?" என்று வாட்ஸ்அப்பில் ஒருத்தன் கேட்கிறான் பாருங்கள், அதற்காகப் போகிறான். தான் போகாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்ற நினைப்பு அவனைக் கிளப்பிவிடுகிறது. அப்பா கொடுக்கும் அறிவுரைக்கு அந்தச் சக்தி கிடையாது.

பெண்பிள்ளைக்கு வருவோம். ஆறாம் வகுப்பு வரை தெருவில் துணிக் கொடியைக் கட்டி, அதுதான் நெட் என்று ஷட்டில் ஆடினாள். பைக் வந்தால் கொடியைத் தூக்கிப் பிடிப்பாள், போனதும் மறுபடி சர்வீஸ். பிறகு வயசுக்கு வந்தாள். "ஆடாதே" என்று யாரும் சொல்லவில்லை. பாட்டி "துப்பட்டாவைப் போடு" என்றார். அப்பா "இருட்டுறதுக்குள்ள வந்துடு" என்றார். டீக்கடை பெஞ்சு சும்மா பார்த்தது. முதலில் எதிர்வீட்டுத் தோழி நின்றாள். இரண்டு பேர் ஆட்டத்தில் ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவள் யாரோடு ஆடுவாள்? பேட் பரணுக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் கல்யாண வீட்டில் அதே பெண்ணைப் பார்த்து, "என்னம்மா, இப்படி வெயிட் போட்டுட்ட?" என்று கேட்டதும் நாம்தான்!

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். அது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. லேட்டாக வந்தால் "கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடு" என்கிறோம். ஓடுவதைத் தண்டனையாகவே கொடுத்துப் பழக்கிவிட்டு, லீவு நாளில் பிள்ளை தானாக ஓடவில்லையே என்று வருத்தப்படுகிறோம்.

கண்ணகி நகர் உங்களுக்குத் தெரியும். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அங்கிருந்து கார்த்திகா என்ற பெண் 2025 அக்டோபரில் பஹ்ரைனுக்குப் போய், ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத் தலைவியாகத் திரும்பி வந்தாள். பதக்கத்தை ஒரு பக்கம் வையுங்கள். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். பழக எதிரணி வேண்டும், ஆகப் பதினான்கு. பதினான்கு வீடுகளில் "போயிட்டு வா" என்று சொன்னால்தான் ஒருத்தி ரெய்டு போக முடியும். நம் தெருவில் எத்தனை வீடு சொல்லும்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

ஒரு வேலையோடுதான் வந்திருக்கிறேன். தெருமுனைப் பள்ளி மைதானம் சாயங்காலம் பூட்டியே கிடக்கிறது. ஆறரை வரை திறந்துவிடச் சொல்லி ஒரு மனு, நலச் சங்கச் செயலாளர் கையில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பெண்பிள்ளைகளுக்கு மட்டும், கம்பத்தில் எரிகிற விளக்கு, உள்ளே தண்ணீர் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். கழிப்பறைச் சாவி யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் பெயரோடு எழுதிக் கேட்டிருக்கிறோம். அது தெரியாமல் எந்த அம்மாவும் பெண்ணை அனுப்ப மாட்டார். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.