ஏட்டுச் சுவடியும் இரும்புத் தகடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பத்தாண்டுகளில் நம் மேடையில் சங்கப் பாடல் பேசப்பட்டது. பக்தி இலக்கியம் பேசப்பட்டது. புதுக்கவிதை பேசப்பட்டுச் சிறு பூசலும் நடந்தது. இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருளோ, துருப்பிடித்த பழைய கார் ஒன்றை வீட்டிலேயே வைத்துச் செப்பனிடுவது. இலக்கியத்துக்கும் துருவுக்கும் என்ன உறவு என்ற கேள்வி சிலர் முகத்தில் தெரிகிறது. உறவு உண்டு என்பதே என் கட்சி. சிதைந்த பொருள் ஒன்று கைக்கு வந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, இல்லாமற்போனதை என்ன செய்வது என்னும் கேள்விகள் சுவடி பதிப்பித்த பெரியோருக்கும் இருந்தன. கொட்டகையில் ஸ்பானரோடு குனிந்திருப்பவனுக்கும் இருக்கின்றன.

நான் எடுத்துக்கொண்ட வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவையில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அதன் முகம் நினைவிருக்கும். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த சிறிய காரின் இந்தியப் பிறவி அது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இலிருந்து 948 சி.சி. எஞ்சினோடு அதனைச் செய்து விற்றது. அம்பாசடர் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலும் ஃபியட் பம்பாயிலும் உருவான அக்காலத்தில், நம் பக்கத்துச் சிறிய கார் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள இருந்தது ஹெரால்டுதான்.

அதன் உடலமைப்புக்குப் பின்னே ஒரு வணிகக் கதை உண்டு. கவென்ட்ரி நிறுவனத்துக்கு உடற்கூடு அடித்துக் கொடுத்துவந்த ஆலையைப் போட்டியாளர் வாங்கிவிட்டார். முழுக் கூட்டையும் ஒன்றாக அடித்துத் தர வேறு ஆளில்லை. ஆகவே அடியில் தனிச் சட்டம் ஒன்றைப் போட்டு, மேற்கூட்டைப் பல துண்டுகளாகச் செய்வித்து, போல்ட்டுகளால் முடுக்கினார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழியில்லாமையே இன்று நமக்கு வசதியாயிற்று. முன்மூடியும் இரு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் அமர்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். கூடும் சட்டமும் ஒன்றாகிவிட்ட பிற்காலக் கார்களை வீட்டில் வைத்துப் பிரிப்பது எளிதன்று. ஹெரால்டை இரண்டு ஆட்களும் ஒரு சங்கிலிக் கப்பியும் இருந்தால் மாட்டுக் கொட்டகையிலேயே பிரித்துவிடலாம்.

இங்கிலாந்தின் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தாம். பின்னிருக்கைக்குப் பாட்டி ஏறி இறங்க அது போதாது என்று கண்டார்களோ என்னவோ, சென்னை ஆலையார் 1960களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கினார்கள். உலகில் வேறெங்கும் அது செய்யப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதன் வழியில் கெசல் வந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்கும் உரிமையாளர்களுக்கும் ஒத்துவரவில்லை என்று, கெசலில் ஒரே இறுகிய அச்சைப் போட்டார்கள். 1980களில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டுப் பார்த்த ஆலை, அது எடுபடாமல், அப்பத்தாண்டு முடியுமுன்னரே உற்பத்தியை நிறுத்தியது.

என் கொட்டகையில் நிற்பது அந்த நான்கு கதவு வண்டி. ஏறத்தாழ 800 கிலோ எடை. பழைய இரும்பு வியாபாரி தராசைக் கொண்டுவந்துவிடுவார். எஞ்சின் பாகங்களைப் பற்றிக் கவலை குறைவு. இங்கிலாந்தில் ஹெரால்டு அன்பர்கள் பலர். பாகங்கள் இன்றும் அங்கே புதிதாகச் செய்யப்படுகின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினாலும் சில அகப்படும். ஆனால் பின்கதவு? அது கவென்ட்ரிக்கே தெரியாத பாடம். பல பிரதிகள் உள்ள நூலில் ஓர் ஏடு முறிந்தால் மற்றொரு பிரதியைப் பார்த்துக்கொள்ளலாம். இது அநேகமாக ஒற்றைச் சுவடி. இதில் ஒரு விரற்கடை தகட்டை வெட்டி எறிவதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

துருவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடினால் துரு. உப்பும் சேர்ந்தால் வேகம் மிகும். சென்னைக் கடற்காற்றில் கிடந்த வண்டிக்கும் கள்ளக்குறிச்சியில் கிடந்த வண்டிக்கும் வேறுபாடு அதனால்தான். எனினும் நமக்கும் ஐப்பசி கார்த்திகை மழை இருக்கிறது. கதவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்ட சிறு துளைகள் செம்மண் புழுதியால் அடைபட்டால், கதவு உள்ளுக்குள் ஒரு தொட்டியாகிவிடும். துருவின் பருமன் அது தின்ற இரும்பைக் காட்டிலும் பெரிது. அதனால் இரண்டு தகடுகள் சேரும் மூட்டில் புகுந்தால் ஆப்புப்போல் பிளந்துவிடும். மேற்பூச்சில் ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். கரையானும் அப்படித்தான். கட்டின் மேலேடு முழுதாக இருக்கும். அவிழ்த்தால் உள்ளே மண்.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். சிதைந்த அடிகளுக்குரிய இடங்களில் புள்ளிகளைக் காண்கிறோம். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அவருடைய புலமைக்கு இரண்டு புறப்பாட்டு இயற்றிச் சேர்ப்பது அரிதாக இருந்திருக்குமா? செய்யவில்லை. வண்டியைச் செப்பனிடுகிறவன் இவ்விடத்தில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். அவன் பதிப்பாசிரியன், நூலாசிரியன் அல்லன்.

இடைச்செருகல் செய்தவர்களும் உண்டு. என் வண்டியின் இடது பின்கதவைச் சுரண்டியபோது பெயின்டுக்கு அடியில் விரல் தடிமன் பட்டி; பட்டிக்கு அடியில் சுருட்டித் திணித்த செய்தித்தாள். முன்னொரு காலத்தில் எவரோ ஓட்டையை மறைத்து, மினுக்கி, விற்றிருக்கிறார். மேலே பார்த்தால் ஓசை கெடாத வெண்பாதான்! தகடு இருக்க வேண்டிய இடத்தில் தகடுதான் இருக்க வேண்டும். பட்டி என்பது மேற்பரப்பின் சிறு பள்ளத்துக்கு மட்டுமே உரியது.

வேலையின் முறைக்கு வருகிறேன். மேற்கூட்டைச் சட்டத்திலிருந்து தூக்குமுன் கதவு வாயில்களில் குறுக்குக் கம்பி பற்றவைத்துவிட வேண்டும். இல்லையேல் கூடு கோணி, பிறகு கதவு பொருந்தாது. இறுகிய போல்ட்டுகளுக்கு டீசலும் பொறுமையும் மருந்து. இரண்டு நாள் ஊறட்டும். சட்டத்தின் பக்கவாட்டில் நீளும் கைகளே அதிகம் அரித்திருக்கும். அங்கே இரக்கம் கூடாது. உயிர் அதன்மேல் பயணம் செய்வதால் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். கதவுத் தகட்டில் மட்டும் நேர்மாறான நியாயம். அரித்ததை மட்டும் வெட்டி, 20 கேஜ் தகட்டில் அதே வளைவை மரக்கட்டைமேல் தட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். வளைவுக்கான கட்டையை நம் ஊர் மரச்சிற்பி ஒருவர் செதுக்கிக் கொடுத்தார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கை. வலது கதவின் வளைவை அட்டையில் எடுத்துத் தந்தேன். அதைத் திருப்பிப் பார்த்து இடதுக்கானதைச் செய்தார். தேரின் பழுதான மரத்தை மாற்றிப் பழகியவருக்கு இது பெரிதில்லை.

இனி, துளை விழாமல் மேலே மட்டும் துருவேறிய இடங்கள். அவற்றை வெட்டத் தேவையில்லை. இங்கேதான் நம் கல்வராயன் மலை வருகிறது. வெள்ளிமலைப் பக்கத்து மலைவாழ் மக்கள் திரட்டி இறக்கும் கடுக்காயை நாம் மருந்தாக அறிவோம். தோல் பதனிடுவோரும் சாயமிடுவோரும் துவர்ப்புச் சரக்காக அறிவார்கள். அதன் தோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின் என்னும் துவர்ப்பொருள். அது துருவோடு கூடினால் நீலங்கலந்த கரிய சேர்மமாக மாறி இரும்பின்மேல் ஒட்டிக்கொள்ளும். அகழாய்வில் கிடைத்த இரும்பைப் பாதுகாப்போரும் டானிக் அமிலத்தையே தடவுகின்றனர். கடைகளில் விற்கும் துருமாற்றிகள் பலவற்றிலும் இருப்பது அதுதான். மருந்துக்குப் போலவே கொட்டையை நீக்கி, தோலை இடித்து, மண்சட்டியில் காய்ச்சி வடிகட்ட வேண்டும். இரும்புச் சட்டி ஆகாது. சட்டியே கறுத்துச் சாரத்தைக் குடித்துவிடும். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கிய பிறகு சாற்றைத் தடவினால், செந்நிறம் கண்ணெதிரே கறுப்பாகும். மறுநாள் இன்னொரு பூச்சு. காய்ந்ததும் ப்ரைமர் அடித்தே ஆக வேண்டும். கடுக்காய் மட்டும் மழையைத் தாங்காது. தடித்த துருவிலும் அது வேலை செய்யாது.

இந்த அவைக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்துதான் நம் முன்னோர் எழுதுமை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பதும் இரும்பின் உப்பே. காகிதத்தில் எழுத்தாய் நின்ற அதே கறுப்புதான் என் கதவின் உட்புறத்திலும் படிந்திருக்கிறது.

ஓட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாட்டில் நின்றுவிட்டதால் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றிவிடுவது நல்லது. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு இருபதை எட்டியது. கரும்பும் மக்காச்சோளமும் விளையும் நம் மாவட்டத்தார் அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். நின்றுகிடக்கும் வண்டியின் டாங்க் உள்ளிருந்து துருவேறும். குழாய்களை மாற்றுங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதாயின் டாங்கை வடித்துவிடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். முகக்கவசம் இன்றிச் சுரண்டாதீர்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதியின்படி, 50 ஆண்டு கடந்து, அசல் அமைப்பு பெரிதும் மாறாத வண்டியைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கச்சிராயபாளையம் வழியே கோமுகி அணையைக் கடந்து மலையேறிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை இருப்பவர்கள் பதிவுக்கு முன் இதை யோசிக்க வேண்டும். விதி நல்லதே என்பது என் எண்ணம். கட்டணம்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு மிகை.

கடைசியாக ஒரு தகவல். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவு அடிப்பகுதி இரண்டுக்கும், பின்தளத்துக்கும் முழு அளவில் அட்டை வார்ப்புருக்கள் வெட்டி, இடம், வலம், மடிப்புக் கோடு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். எந்த அளவு மூல வண்டியில் எடுத்தது, எது நான் ஊகித்தது என்பதைச் சிவப்பு மையில் வேறுபடுத்தியிருக்கிறேன். ஊகித்தவை நான்கு இடங்கள். வேறு ஊர்களில் இவ்வகை வண்டி வைத்திருப்போர் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். அவர்கள் வண்டியில் அந்த நான்கு இடங்களும் கெடாமல் இருந்தால் அளந்து எனக்குச் சொல்லுங்கள்.