புற்றுநோய் வலியும் சீட்டுக் குலுக்கலும்



புற்றுநோய் முற்றிவிட்டது, இனித் தீராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட பிறகு ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடியது என்ன என்பதைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றோம். "தீராத நோய்க்கு வைத்தியம் எதற்கு? தலையெழுத்தை அனுபவித்துத்தானே தீரவேண்டும்?" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லுகிறவனுக்கு முதுகெலும்பில் வலி இல்லை. ஆதலால் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறான். மார்பிலோ, நுரையீரலிலோ தோன்றிய புற்று எலும்புக்குப் பரவிவிட்டால் புரண்டு படுக்க முடியாது, இருமுவதற்கும் பயம்.

இந்த வலிக்குக் கதிர் வைத்தியம் உண்டு. ஊரில் இதைக் "கரண்டு வைப்பது" என்கிறார்கள். கரண்டு ஒன்றும் உடம்பில் ஏறுவதில்லை. 1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேயின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட மிகவும் வலுவுள்ள கதிரை வலிக்கும் எலும்பின்மேல் சில நிமிஷம் பாய்ச்சுவதுதான் சங்கதி. அது புற்றின் அணுக்களுக்குள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்னும் இழையை அறுக்கிறது. இழை அறுந்த அணு பெருகமாட்டாமல் மடிகிறது. நோய் போய்விடாது, வலி குறையும். அதனால் என்ன பிரயோஜனம் என்றால், இரவில் தூங்கலாம். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசலாம். இது போதாதா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தக் கதிரை எத்தனை தடவை வைப்பது? பத்துத் தடவை, அதாவது இரண்டு வாரம் என்பது வெகுகாலமாய்ப் பல இடங்களில் வழக்கம். நோயாளியைப் பத்து நாள் வண்டி ஏற்றி இறக்க வேண்டும். கூடப்போகிறவனுக்குப் பத்து நாள் கூலி போச்சு. இத்தனை தடவை வேண்டுமா என்று சந்தேகித்தவர்கள் யார் தெரியுமா? அந்த வைத்தியத்தைச் செய்துவந்த டாக்டர்களே.

ஹாலந்து தேசத்தில் 1996 முதல் 1998 வரை 1,171 நோயாளிகளை அவர்கள் சம்மதத்தின்பேரில் சேர்த்து, யாருக்கு ஒரே தடவை, யாருக்கு ஆறு தடவை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானித்தார்கள். கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதைப் பரிகசிக்கும் நாமா குலுக்கலைப் புகழுவது என்று நீங்கள் சிரிக்கலாம். பூக்கட்டிப் பார்ப்பவன் கடவுள் மனதை அறிவதற்காகச் செய்கிறான். இவர்களோ எவர் மனதும் அதில் புகாமலிருப்பதற்காகச் செய்தார்கள். டாக்டர் தமக்கு இஷ்டப்பட்ட பக்கம் தேறக்கூடியவரைத் தள்ளிவிட்டால் கணக்கே பொய்யாகிவிடுமல்லவா?

வலியை அளந்ததும் டாக்டர் அல்ல. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று நோயாளியே வாராவாரம் எழுதினார். முடிவு 1999-ல் வெளிவந்தது. 100-க்கு 71 பேருக்கு வலி குறைந்தது. ஒரு தடவைக்காரருக்கும் ஆறு தடவைக்காரருக்கும் அதில் வித்தியாசமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 898 பேரிடம் ஒரு தடவையையும் பத்துத் தடவையையும் ஒப்பிட்டுப் பார்த்து 2005-ல் வெளியிட்டதும் இதையே காட்டிற்று. குறையையும் மறைக்கக்கூடாது: ஹாலந்தில் ஒரு தடவை வைத்தவர்களில் 100-க்கு 25 பேருக்கு மறுபடியும் வைக்க நேர்ந்தது, ஆறு தடவைக்காரரில் 7 பேருக்கே. அப்படி மறுபடி வைத்தாலும் இரண்டு தடவைதானே ஆகிறது?

இவ்வளவு தெரிந்த பிறகும் அமெரிக்காவில் பல வருஷம் பெரும்பாலோர் பத்தையே விடவில்லை. பழக்கம் ஒரு காரணம். தடவைக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிட்டது மற்றொரு காரணம் என்று அவர்களுக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். மந்திரத்துக்கு எண்ணித் தட்சணை வாங்குவதைக் கண்டிக்கிற நாம் இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இன்னொன்று. நுரையீரல் புற்று மூளைக்குப் பரவினால் தலை முழுவதற்கும் கதிர் வைப்பது வெகுகால வழக்கம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆப்பரேஷனுக்கு ஏற்காத 538 பேரைக் கொண்டு இதையும் சோதித்து, 2016-ல் வெளியிட்டார்கள். கதிர் வைத்தவர்களில் பாதிப்பேர் 9.2 வாரமும், வைக்காமல் மருந்தும் பராமரிப்பும் பெற்றவர்களில் பாதிப்பேர் 8.5 வாரமுமே தாண்டினார்கள். சௌக்கியத்திலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எத்தனையோ பேருக்குச் செய்துவந்ததால் பெரும் பலன் இல்லை என்று செய்தவர்களே அச்சுப்போட்டுச் சொன்னார்கள். எந்தப் புராணக்காரராவது இப்படிச் சொன்னதுண்டா?

தலையெழுத்து என்றார்களே, அதற்கு வருவோம். எழுத்து மெய்யாகவே இருக்கிறது. தலையில் அல்ல, ஒவ்வோர் அணுவிலும் இருக்கிறது. முன்னே சொன்ன டி.என்.ஏ. இழையில் நான்கே எழுத்துக்கள் சுமார் 300 கோடி இடங்களில் மாறிமாறி வருகின்றன. அதை வாசிக்கும் நல்ல முறையொன்றை 1977-ல் இங்கிலாந்தில் சாங்கர் என்பவர் வகுத்தார். மனிதனுடைய எழுத்தைப் பெரும்பாலும் வாசித்து முடிக்க 1990 முதல் 2003 வரை 13 வருஷமாயிற்று. இன்று யந்திரம் சில நாளில் வாசித்துவிடுகிறது. அணு பெருகும்போது நேரும் நகல் பிழையாலும், புகையிலைப் புகை முதலியவற்றாலும் சில எழுத்து கெட்டு, அவ்வணு அடங்காமல் பெருகுவதுதான் புற்று. முன்ஜன்மக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறதென்று எவரும் காட்டியதில்லை. இந்தப் பிழையையோ இன்ன இடத்தில் இன்ன எழுத்தென்று காட்டுகிறார்கள்.

2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் கெஃபிடினிப் என்ற மாத்திரைக்கு நன்றாய்க் கட்டுப்பட்ட நுரையீரல் புற்றுக்களை வாசித்துப் பார்த்தபோது, ஒரே மரபணுவில் சில எழுத்துக்கள் விட்டுப்போயிருந்தன, அல்லது ஓரெழுத்து மாறியிருந்தது. புகை பிடித்தறியாதவரிடத்திலும், ஆசியாக்காரரிடத்திலும் இப்பிழை அதிகம். பின்னால் வந்த மாத்திரைகளில் சில மூளைக்குள்ளும் சென்று புற்றைச் சுருக்குகின்றன. ஆகையால் இந்த எழுத்தை வாசித்துப் பார்த்த பிறகே தலைக்குக் கதிர் வேண்டுமா என்று யோசிப்பது நியாயம். மாத்திரை என்றைக்கும் கேட்கும் என்று சொல்லவில்லை. புது எழுத்துப்பிழை புறப்பட்டு அதைப் பயனற்றதாக்குவதும் உண்டு.

தோழர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த எலும்பு வலி கண்டால், ஒரே தடவைக் கதிர் போதுமா என்று டாக்டரைக் கூசாமல் கேளுங்கள். வைத்தவுடனே வலி போகாது. இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். முதல் இரண்டொரு நாள் சிலருக்கு வலி கூடுவதும் உண்டு. அதற்காகப் பயந்து மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஆனால் முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலும், நடை தளர்ந்தாலும், நீர் மலம் கட்டுக்கடங்காமற் போனாலும், விடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.