மழை செய்த குற்றமா?

(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போன கூட்டத்தில் நாம் பேசி முடிக்கும் சமயத்தில் ஒரு தோழர் துண்டுச் சீட்டு ஒன்று அனுப்பினார். "சயன்ஸ், சயன்ஸ் என்று வாய் ஓயாமல் பேசுகிறீர்களே, உங்கள் சயன்ஸ்காரன் ஆண்டவன் பெய்விக்கும் மழையை நிறுத்துவானா?" என்று அதில் கேட்டிருந்தார். அன்று நேரமில்லாமல் போய்விட்டபடியால் இன்றைக்குப் பதில் சொல்லுவதாக ஒப்புக்கொண்டோம். அந்தத் தோழர் இன்றும் வந்திருப்பதாகத் தெரிகிறது. மிகவும் சந்தோஷம். முன் வரிசையில் இடமிருக்கிறது; தாராளமாக வந்து உட்காரலாம்.

மழையை நிறுத்த மாட்டான், தோழர்களே! நிறுத்த வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. மழை பெய்த பிறகு என்ன நடக்கிறது, எந்த மண் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது, அதற்குக் காரணம் மழையா மனிதனா என்று கண்டறிவதே அவன் வேலை. அந்த வேலையைச் செய்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறோம். அவர் பெயர் யிம்நாங் கோல்புவு. வெள்ளைக்காரர் அல்ல, பலாவு நாட்டவர்.

பலாவு எங்கே இருக்கிறதென்று கேட்பீர்கள். பசிபிக் கடலில், பிலிப்பைன்சுக்குக் கிழக்கே உள்ள தீவுக் கூட்டம் அது. மொத்த ஜனத்தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அந்தச் சிறு கூட்டத்தை ஆளுவதற்கு எத்தனை எஜமானர்கள் வந்தார்கள் தெரியுமா? முதலில் ஸ்பெயின்காரன். 1899-இல் ஜெர்மன்காரன் விலை கொடுத்து வாங்கினான். மனிதரும் மண்ணும் சேர்த்துத்தான் விலை! 1914-இல் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு அமெரிக்காக்காரன். 1994-இல்தான் அது சுதந்திர நாடாயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் பாபெல்தாவோப் என்னும் பெரிய தீவில் அலுமினியத்துக்குரிய பாக்சைட் மண்ணை வெட்டியெடுத்துக் கப்பலேற்றினான். மண் போன இடம் பொட்டலாய்க் கிடந்தது. அந்த மண்ணின் லாபத்தில் தீவுக்காரனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாபெல்தாவோப் எரிமலைப் பாறையிலிருந்து உண்டான தீவு. மண் சிவந்த மண். செடி கொடி போர்த்தியிருக்கும் வரையில் கெட்டியாய் இருக்கும். அந்தப் போர்வையை உரித்துவிட்டால் மழையில் கரைந்து ஓடும். மழையோ கொஞ்ச நஞ்சமல்ல. வருஷத்தில் சுமார் 3.7 மீட்டர் பெய்கிறது. அதாவது பெய்த தண்ணீர் ஓடாமலும் வற்றாமலும் அப்படியே நின்றால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். இந்த மழை நேற்று முளைத்ததல்ல. காலங்காலமாய்ப் பெய்துகொண்டுதான் இருந்தது. அப்பொழுதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கடலடிப் பவளம், இந்தக் காலத்தில் ஏன் சாக வேண்டும்? இதுதான் கேள்வி.

பவளம் என்றதும் நம்மவர்களுக்கு ஜோசியன் ஞாபகம் வந்துவிடும். செவ்வாய் தோஷத்துக்குப் பவள மோதிரம் போடு என்பான். அது நகைக்கு அறுக்கிற வேறு ஜாதிப் பவளம். நாம் சொல்லுவது கடலுக்கடியில் மேடு மேடாய்க் கட்டியிருக்கும் பவளப் பாறை. இரண்டும் கல்லென்று நினைப்பது தப்பு. இரண்டும் பிராணி. பாறையைக் கட்டும் பவளப் பூச்சி கடுகளவு, பட்டாணியளவுதான் இருக்கும். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் கூடு கட்டிக்கொள்ளும். அதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு சர்க்கரை சமைத்து அதற்குக் கொடுக்கிறது. ஆகவே பவளத்துக்குத் தெளிந்த தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். சேறு கலங்கி நின்றால் வெளிச்சம் போயிற்று. மேலே படிந்தால் மூச்சு போயிற்று. படிந்த சேற்றைத் தள்ளுவதற்குக் கோழை கக்கிக் கக்கியே பலமெல்லாம் போயிற்று. அதன் குஞ்சு உட்கார வேண்டியது கெட்டியான பாறையில். அங்கே சேறு மூடியிருந்தால் அடுத்த தலைமுறையே கிடையாது. பவளம் போனால் மீன் போகும். மீன் போனால் தீவுக்காரன் சோறு போகும். செவ்வாயைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

கோல்புவு இந்த விஷயத்துக்குத்தான் தம் காலத்தைச் செலவிட்டார். 2001-இல் பலாவில் பவளப் பாறைகளுக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். அதில் ஆராய்ச்சியாளராயிருந்து, பிறகு அதற்கே தலைமை வகித்தவர் இவர். ஸ்டீவன் விக்டர் என்ற பலாவுக்காரரும், கடல் நீரோட்டம் ஆராய்கிற எரிக் வோலான்ஸ்கி, பவளம் ஆராய்கிற ராபர்ட் ரிச்மண்ட் முதலிய வெளிநாட்டாரும் கூட வேலை செய்தார்கள். வெளிநாட்டான் வந்து சொன்னான், உள்நாட்டான் மூட்டை தூக்கினான் என்கிற கதை இல்லை இது. சேர்ந்து அளந்தார்கள், சேர்ந்து எழுதினார்கள்.

எங்கே அளந்தார்கள்? ஐராய் என்ற இடத்தில். அங்கே மூன்று சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஒரு சிறு வளைகுடா. அதைச் சுற்றிக் கண்டல் காடு, அதாவது உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கிற சுரபுன்னை முதலிய மரங்கள். அந்த வளைகுடாவுக்கு 26 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது ஙெரிக்கீல் என்னும் ஆறு. (நம் தமிழில் 'ங'வில் தொடங்கும் சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர்கள் ஊர்ப் பெயரில் பாதி அதில்தான் தொடங்குகிறது! இதற்காக அவர்களைத் தமிழர் என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். நம் புலவர்கள் சிலருக்கு இந்த வியாதி உண்டு.) அந்த ஆற்றின் கரையில் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள், வீடு கட்டினார்கள், மலையை வெட்டினார்கள்.

வேலை எப்படியென்று கேளுங்கள். மந்திரமில்லை, மாயமில்லை. வெள்ளம் வருகிறபோது ஆற்றுத் தண்ணீரை மொண்டு, வடிதாளில் வடித்து, தாளில் தங்கிய மண்ணைக் காயவைத்து நிறுக்க வேண்டியது. கடலடியில் குழாய்களை நட்டு அதில் விழுகிற சேற்றை எடுத்து நிறுக்க வேண்டியது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கருவி போட்டுப் பார்க்க வேண்டியது. இதை ஒரு நாள் செய்தால் போதாது. வெயிலில் செய்ய வேண்டும், மழையில் செய்ய வேண்டும், ராத்திரி வெள்ளம் வந்தால் ராத்திரியில் செய்ய வேண்டும். மடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் ஞானம் வரும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

2003-இல் கணக்கு வெளிவந்தது. வெள்ள காலத்தில் அந்த ஆற்றின் ஒரு லிட்டர் தண்ணீரில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் நுண்மண் இருந்தது. பதினைந்து லிட்டர் குடம் ஒன்று மொண்டால் அதில் இரண்டு தோலா மண்! ஆறு கொண்டுவந்த நுண்மண்ணில் நூற்றுக்கு 98 பங்கு அந்த வளைகுடாவுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளிக்கடல் அலை உள்ளே வருவதில்லை. உள்ளே உள்ள ஓட்டத்துக்கோ படிந்த சேற்றைக் கிளப்பும் பலமில்லை. பவளம் இருந்த இடத்தில் பாசி மண்டிற்று. சில இடத்தில் சேற்று மேடே எழும்பிவிட்டது. கண்டல் காடு தன்னால் ஆனமட்டும், நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரையில், பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

சரி, இது அந்தத் தீவின் தலைவிதி என்று சொல்லக் கூடாதா? அதற்கும் வழி வைக்கவில்லை. ஙெர்டோர்ச் என்று இன்னொரு ஆறு, அதே தீவில். அதே வானம், அதே எரிமலை மண். ஆனால் காடு அதிகம் அழியவில்லை. 2004-இல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தபோது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவென்று எடுத்தால், காடழிந்த ஙெரிக்கீல் ஆற்றில் பத்து மடங்குக்கு மேல் மண் போயிற்று. மழை ஒன்று, மண் ஒன்று, மனிதன் செய்த வேலை வேறு. சீட்டனுப்பிய தோழரே! ஆண்டவன்தான் மண்ணைக் கரைக்கிறான் என்றால் ஒரு ஆற்றுக்கு ஒரு நியாயம், அடுத்த ஆற்றுக்கு ஒரு நியாயமா?

இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு மிகவும் பிடித்தது. கணக்கைப் புஸ்தகத்தில் போட்டுவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஐராய் ஜனங்களையும் அவர்கள் தலைவர்களையும் கூட்டி, கிராமத்தில் வைத்தே எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் கண்டல் காட்டை வெட்டுவதற்குத் தடை போட்டார்கள். யாகம் நடந்ததா? இல்லை. பரிகாரம் நடந்ததா? இல்லை. ஒருவன் அளந்து வந்து காட்டினான். மற்றவர்கள் பார்த்து, புரிந்துகொண்டு, முடிவு செய்தார்கள். மானமுள்ள ஜனங்களுக்கு இதைவிட வேறு பூசாரி எதற்கு?

ஆனால் தடை போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. அந்தத் தீவைச் சுற்றி 85 கிலோமீட்டர் நீளத்துக்கு அமெரிக்கப் பணத்தில் ஒரு பெரிய ரஸ்தா போட்டு 2007-இல் முடித்தார்கள். ரஸ்தா வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆஸ்பத்திரிக்குப் போக, பள்ளிக்கூடத்துக்குப் போக அது வேண்டும். ஆனால் ரஸ்தா வந்தால் இரண்டு பக்கமும் வெட்டு வரும், அந்த வெட்டிலிருந்து மண் ஓடும். அதை எப்படிப் போடுவது, எங்கே வடிகால் விடுவது, வெட்டிய கரையில் எதை நடுவது என்று கேட்பது ரஸ்தாவுக்கு விரோதம் ஆகாது. அதிலும் ஒன்று கவனியுங்கள். 1998-இல் கடல் சூடேறிப் பலாவின் பவளம் வெளுத்து ஏராளமாகச் செத்தது. அந்தச் சூட்டை இந்தச் சிறு தீவு தனியாக நின்று தடுக்க முடியாது. அது பெரிய தேசங்கள் எரிக்கும் கரியாலும் எண்ணெயாலும் வருவது. செத்த இடத்தில் புதுப் பவளம் வந்து முளைக்கும்படி பாறையைச் சேறில்லாமல் வைத்திருக்க மாத்திரம் இவர்களால் முடியும். தன் கைக்குள் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுவதற்கே எவ்வளவு வேலை வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இப்பொழுது தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பலாவில் சேம்பு பயிரிடுவது பெண்கள் வேலை. நம் வீட்டில் சேப்பங்கிழங்கு வறுக்கிறோமே, அந்த இனம். மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரை வரப்பு கட்டி, சேற்று வயலில் நிறுத்தி, முழங்கால் சேற்றில் நின்று பயிர் செய்கிறார்கள். அங்கே குடும்பப் பட்டம் தாய் வழியில் போகிறது. தலைவன் யார் என்று பொறுக்குவதும், ஒழுங்கில்லாதவனை இறக்குவதும் குலத்து மூத்த பெண்கள். நம் நாட்டில் பெண்ணுக்குச் சொத்துப் பங்கு கேட்டதற்கே என்ன கூச்சல் போட்டார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. அது இருக்கட்டும். இந்தச் சேம்பு வயல் கடலுக்கும் உதவுகிறதா என்று கோஷிபா, விக்டர், கோல்புவு முதலியோர் அளந்து பார்த்து 2013-இல் எழுதினார்கள். வயலுக்குள் வரும் தண்ணீரில் எவ்வளவு மண், வயலை விட்டுப் போகும் தண்ணீரில் எவ்வளவு மண் என்று பார்த்தால், வந்த நுண்மண்ணில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கை வயலே பிடித்துக்கொள்ளுகிறது! அந்தப் பெண்கள் கிழங்கு மாத்திரம் விளைவிக்கவில்லை, பவளத்தையும் காத்திருக்கிறார்கள். இப்பொழுது பெண்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள். கப்பலில் அரிசி வருகிறது. பல வயல்கள் பாழ் கிடக்கின்றன. பெண்களைத் திரும்பச் சேற்றில் இறக்கு என்று எந்த ஆண்பிள்ளையாவது இதைக் காட்டிச் சொல்ல வந்தால், "முதலில் நீ இறங்கு" என்று சொல்லுவோம். வயலைக் காக்க வேண்டியது ஊர் முழுவதற்கும் உள்ள வேலை.

இதோ, இன்னொரு சீட்டு வந்திருக்கிறது. அந்தத் தோழரேதான். "அப்படியானால் முன்னோர் வழக்கம் நல்லதென்று ஒப்புக்கொள்ளுகிறீர்களா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. சேம்பு வயல் நல்லதென்று ஒப்புக்கொள்ளுகிறோம். எதனால்? முன்னோர் செய்ததனால் அல்ல. அளந்து பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு நின்றதனால். அளந்தபோது ஐந்துதான் நின்றிருந்தால் அதையும் அதே தாளில் அவர்கள் எழுதியிருப்பார்கள், நாமும் இங்கே அதையே சொல்லியிருப்போம். உங்கள் முன்னோர் வழக்கங்களையும் கொண்டுவாருங்கள். தீட்டைக் கொண்டுவாருங்கள், ராகு காலத்தைக் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கம் என்ன போகிறது, அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தராசில் வைப்போம். தேறினால் வைத்துக்கொள்ளுவோம்; நமக்கு அதில் என்ன விரோதம்? ஆனால் தராசில் ஏற மாட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டு நம்பு என்கிற சரக்குக்கு இந்தக் கடையில் வியாபாரம் கிடையாது.

ஐராய் வளைகுடாவில் முன்னமே படிந்த சேறு என்ன ஆயிற்று என்று ஒரு சிறுவர் இங்கே மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறார். படிந்ததைக் கிளப்பி வெளியே கொண்டுபோக அங்கே ஓட்டம் போதாது என்று முன்னமே சொன்னோம் அல்லவா? ஆகையால் மேலே நிலத்தில் மண்ணைக் கட்டிப் பிடிக்காவிட்டால் அந்த வளைகுடாவின் மீனும் பவளமும் நிலைக்காது என்றுதான் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த சேறு வந்ததுதான், தம்பி. இனி வருவதைத்தான் தடுக்கலாம்.

மணி ஒன்பதுக்கு மேல் ஆகிவிட்டது. வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மீதிச் சீட்டுகளைக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லுகிறோம்.