நீண்ட தூரம் ஓடினால் மட்டும் போதுமா?

(மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்ல; மொழிபெயர்ப்பாளர். சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் தருவது என் வேலை. “வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சி” என்ற வரியைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அதை என் வீட்டில் ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை.

என் அப்பாவுக்கு 70 வயது. தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர், அந்தப் பழக்கத்தை விடவே இல்லை. வாரத்தில் 5 நாள், விடியற்காலையில், பூங்கா இணைப்புப் பாதையில் 6 கிலோமீட்டர் மெதுவோட்டம். சென்ற ஆண்டு ஒருநாள் கோயிலில் தரையில் அமர்ந்து அன்னதானம் சாப்பிட்டோம். முடித்த பிறகு அவரால் எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது மட்டும், “இவ்வளவு ஓடியும் எழுந்திருக்க முடியலையேம்மா” என்றார்.

உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கலாம்.

ஓட்டம் தருவதும் தராததும்

நீண்ட தூர ஓட்டமும் நடையும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லவை. இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க உதவுகின்றன. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் நம் தசைகளில் இருவகை இழைகள் உள்ளன. ஒருவகை மெதுவாகச் சுருங்கும்; நெடுநேரம் களைப்பின்றி உழைக்கும். மற்றொரு வகை விரைவாகச் சுருங்கும். சட்டென்று விசை தரும். ஒரே நிதானத்தில் ஓடும்போது பெரும்பாலும் முதல் வகையே வேலை செய்கிறது. தரையிலிருந்து எழவும், பேருந்தில் ஏறவும், கால் தடுக்கும்போது மறு காலைச் சட்டென்று முன்னால் வைத்து விழாமல் தப்பவும் இரண்டாம் வகை தேவை. வயதாகும்போது அதிகம் சுருங்கிப்போவது அந்த இரண்டாம் வகைதான்.

ஏறத்தாழ 30 வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. 60 வயதைத் தாண்டினால் இழப்பு இன்னும் வேகமாகும். ஓட்டம் மட்டும் இதைத் தடுத்து நிறுத்தாது.

இந்த வயதில் வலு கூடுமா?

கூடும். 1990-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் ஷின்ஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு முறையைச் சோதித்தார்கள். 3 நிமிடம் வேக நடை, 3 நிமிடம் மெதுநடை என்று மாற்றி மாற்றி 5 சுற்று. 2007-இல் வெளிவந்த முடிவின்படி, 5 மாதம் இப்படி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும், ஒரே சீராக நடந்தவர்களைவிட அதிகம் கூடின.

ஒரு வாரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

• திங்கள், வியாழன்: வலுவூட்டும் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், தண்ணீர்ப் போத்தல் தூக்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. சற்று ஓய்வெடுத்து மீண்டும் ஒரு சுற்று.
• செவ்வாய், சனி: வழக்கமான நிதான ஓட்டம் அல்லது நடை, 45 நிமிடம்.
• புதன்: 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது; 5 சுற்று, 30 நிமிடம்.
• வெள்ளி: 30 நிமிட நடை.
• ஞாயிறு: ஓய்வு.

ஓட்டமும் நடையும் சேர்ந்து 150 நிமிடம் ஆகிறது. மூத்தோருக்குப் பரிந்துரைக்கப்படும் வாராந்தரக் குறைந்த அளவு இதுதான். இவற்றோடு, வாரத்தில் 3 நாளாவது சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று சமநிலைப் பயிற்சி செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் 4 வாரம் வலுவூட்டும் பயிற்சியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வேகத்துக்கு வாருங்கள். முதலில் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் வேகமாக நடந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓட வேண்டியதில்லை. வேக நடையே போதுமானது.

வேகம் சரியா என்று அறிய எளிய வழி உண்டு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். சில சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அது தீவிர வேகம். சில இரத்த அழுத்த மருந்துகள் நாடித்துடிப்பை உயரவிடாது. அவற்றை உட்கொள்பவர்களுக்கு நாடியைவிட இந்த வழியே ஏற்றது.

கவனம்

• இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், நீரிழிவு, அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால், தொடங்குமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.
• வலுப் பயிற்சியின்போது மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு “ஒன்று, இரண்டு” என்று எண்ணினால் மூச்சு தானாக வெளியேறும்.
• இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கையில் மிட்டாய் வைத்திருங்கள்.
• வெயிலுக்கு முன்போ, வெயில் தாழ்ந்த பிறகோ செய்யுங்கள். தண்ணீர் குடியுங்கள்.
• நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலி நீடித்தால் 995-ஐ அழையுங்கள்.
• பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவுகளை ஒவ்வொரு வேளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது ஒரு பயிற்சியா?” என்றார். கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு செய்யச் சொன்னேன். ஏழாவது முறையில் தொடை நடுங்கியது. மறுநாள் என்னிடம் கேட்காமலே நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டிருந்தார். இப்போது ஓட்டம் 2 நாள்தான். கோயிலில் ஒரு கையைத் தரையில் ஊன்றித் தாமாகவே எழுந்துவிடுகிறார்.

இதை வாசித்து முடித்ததும், நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து பாருங்கள். எளிதாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், அதுவே உங்கள் முதல் பயிற்சி.