கிணறு தோண்டும் முன் நிலவியலாளர் என்ன பார்க்கிறார்?

(ஒரகடம் வட்டார உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்கிற முதற் கேள்வி, "சார், எத்தனை அடியில் தண்ணீர் வரும்?" என்பதுதான். அதைக் கேட்கும்போதே உங்கள் கண் என் கையிலுள்ள பெட்டியின் மேல் இருக்கும். மின்தடை அளக்கும் அந்தக் கருவியைத் தரையில் வைத்தவுடன் விடை வந்துவிடும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் வேரூன்றிவிட்டது. தேங்காய் வைத்துப் பார்த்த காலம் போய், பெட்டி வைத்துப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது. ஆனால் நம்பிக்கை அதேதான்! கள நிலவியலாளரின் வேலையில் அந்தப் பெட்டி கடைசியாகத் திறக்கப்பட வேண்டியது. அதற்கு முன் அவர் செய்ய வேண்டியவை என்ன, அதில் உங்கள் பங்கு என்ன என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில், நாம் நிற்கிற நிலத்தைத் தெரிந்துகொள்வோம். இங்கிருந்து கிழக்கே வண்டலூர், பல்லாவரம் பக்கம் போனால் குன்றுகளெல்லாம் கருநீலக் கடும்பாறை. இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் நம் பக்கத்துப் பாறையால் ஆனது. அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார். ஊர்ப் பாறைக்குக் கல்லறையிலிருந்து பெயர் வந்த கதை இது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அந்தக் கடும்பாறையின் மேல் வேறொரு படிவு கிடக்கிறது. ஏடு ஏடாக உரியும் களிப்பாறை, இடையிடையே மெல்லிய மணற்கல். கிணறு வெட்டும்போது இந்த ஏடுகளில் இலை அச்சுகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஈச்ச ஓலை போன்ற அந்த இலைகள் 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கடல்வாழ் உயிர்களின் தடங்களும் இதே படிவில் கிடைத்துள்ளன. உலக நிலவியல் நூல்களில் இந்தப் படிவு உங்கள் ஊர்ப் பெயராலேயே 'ஸ்ரீபெரும்புதூர் படிவு' என்று வழங்குகிறது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் கிணற்றுக்காரருக்கு இது சோதனை. ஏனென்றால் களிப்பாறை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமே தவிர, விட்டுக்கொடுக்காது. இடையிலுள்ள மணற்கல் பட்டைதான் தண்ணீர் தரும். கள நிலவியலாளர் தேட வேண்டியது அந்தப் பட்டையை.

எப்படித் தேடுவது? நடந்துதான். ஒரு நாள் முழுவதும் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். கையில் நில அளவைப் படம், சுத்தியல், கைக்கண்ணாடி, சாய்வு அளக்கும் திசைகாட்டி, ஒரு சிறு குப்பியில் நீர்த்த அமிலம். பாறையின் வெயில் பட்ட முகத்தை நம்பக்கூடாது. சுத்தியலால் உடைத்துப் புது முகத்தைப் பார்க்க வேண்டும். சுக்கான் கல்லா என்று சந்தேகமானால் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். பார்த்ததை அங்கேயே, அப்போதே குறிப்பேட்டில் எழுத வேண்டும். மாலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற குறிப்பில் பாதி கற்பனையாகிவிடும்.

இப்போது தொழிற்சாலைகள் வந்தபின் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையை அகலப்படுத்தியபோதும், சிப்காட் மனைகளில் அடித்தளம் தோண்டியபோதும், மூடிக்கிடந்த மண் அடுக்குகள் வெளியே தெரிந்தன. அப்படி ஒரு பள்ளம் கண்டால் நிலவியலாளர் வண்டியை நிறுத்தி இறங்காமல் போகமாட்டார், போகவும் கூடாது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியை அப்படிப் பார்க்கப்போன ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற அரசு நிலவியலாளரின் கையில்தான் கற்கால மனிதனின் கைக்கோடரி கிடைத்தது. எத்தனையோ பேர் கடந்துபோன குழி அது.

எல்லாவற்றையும் விட மேலான பள்ளம் உங்கள் பழைய திறந்த கிணறு. அதன் சுவரில் அடுக்குகள் படம் போட்டதுபோல் தெரியும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் கடும்பாறை மாவட்டம் ஒன்றில் பழகிவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். ஒரு பெரியவர் நகையை அடகு வைத்துத் துளைக் கிணறு போட இருந்தார். கழனியில் நான் கம்பிகளை நட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்தபடி, "சார், அதோ தெரியுதே எங்க பங்காளி கெணறு, அதுல முப்பது அடியில ஒரு சாண் மணல் கல்லு. ஊத்து அதுலதான். மேலயும் கீழயும் வெறும் களி" என்றார். "பார்க்கலாம் ஐயா" என்று சொன்னேனே தவிர, போய்ப் பார்க்கவில்லை. கருவியில் மின்தடை 6 ஓம் மீட்டருக்கு இறங்கியிருந்தது. கடும்பாறை நாட்டில் தடை நன்கு இறங்கினால் பாறை சிதைந்து ஈரம் பிடித்திருக்கிறது என்று பொருள் கொள்வோம். குறி வைத்துக் கொடுத்தேன். 250 அடி வரை ஈரக் களி, சாம்பல் நிறம். ஒரு குடம் தண்ணீர் இல்லை.

களிமண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உப்புநீரும் கடத்தும். கருவிக்கு மூன்றும் ஒன்றுதான். எது எது என்று சொல்ல வேண்டியவன் நான்.

மறுநாள் அந்தப் பங்காளி கிணற்றில் இறங்கினேன். பெரியவர் சொன்னபடியே மணற்கல் பட்டை இருந்தது. கிழக்கு நோக்கி ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கம் போகப் போக, 100 அடிக்கு 9 அடி வீதம் பட்டை ஆழமாகும். எதிர்ப்பக்கம் அதே அளவு மேலேறும். என் குறி கிணற்றுக்கு மேற்கே 600 அடி. அதாவது 30 அடி ஆழத்துப் பட்டை 350 அடி தொலைவுக்குள்ளேயே தரைக்கு வந்து முடிந்துவிட்டது! சுவடியில் ஒரு பெருக்கல் போட்டிருந்தால் அவர் நகை தப்பியிருக்கும். அவர் என்னைக் கடிந்துகூடச் சொல்லவில்லை. இன்னொரு இடம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். "இந்த நிலத்தில் வேண்டாம் ஐயா" என்று சொன்னேன். அந்த ஆண்டு பங்காளியிடம் முறை வைத்து நீர் வாங்கி அரை ஏக்கர் மட்டும் பயிர் செய்தார்.

'இங்கே வேண்டாம்' என்று சொல்வது நிலவியலாளரின் கடமைகளில் கடினமானது. உழவருக்கும் பிடிக்காது, ரிக் வண்டிக்காரருக்கும் பிடிக்காது. எந்த நிலத்தைக் காட்டினாலும் குறி வைத்துக் கொடுக்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உயர் அழுத்த மின்கம்பி, புதைத்த இரும்புக் குழாய், தொழிற்சாலைக் கம்பி வேலி ஆகியவற்றின் அருகே எடுத்த அளவு பொய் சொல்லும். இந்தப் பக்கத்தில் இவை இல்லாத இடம் கிடைப்பதே அரிதாகி வருகிறது. உங்கள் நிலத்தடியில் குழாய் போனால் அளவெடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குறி வைத்ததோடு வேலை முடிவதில்லை. துளையிடும் நாளில் நிலவியலாளரோ, அவர் சொற்படி நீங்களோ, 10 அடிக்கு ஒரு பிடி மண் எடுத்து வரிசையாகத் தரையில் வைக்க வேண்டும். நிறம் மாறினால், மணல் வந்தால், உடனே ஆழத்தைக் குறிக்க வேண்டும். கேசிங் குழாயில் எந்த இடத்தில் துளையுள்ள குழாய் வைப்பது என்று முடிவு செய்ய அந்த மண் வரிசைதான் ஆதாரம். அது இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு குழாயை இறக்கி, பட்டைக்கு நேரே துளையில்லாத குழாய் நின்று, தண்ணீர் இருந்தும் ஏறாத கிணறுகள் உண்டு. நீர் வந்தால் 200 லிட்டர் பீப்பாயை வைத்து நேரம் பாருங்கள். 100 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 2 லிட்டர். ஒரு மணி நேரம் கழித்தும் அதே அளவு வருகிறதா என்று பார்த்தபின்தான் மோட்டார் வாங்க வேண்டும்.

நிலத்தடி நீர் ஆய்வுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். நிலவியலாளர் வரும் நாளில் புல வரைபடத்தை எடுத்து வையுங்கள். சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தைக் கேட்டு வையுங்கள். நீர் வராமல் போன துளைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீர் வந்த கிணற்றைவிட அவை எங்களுக்கு அதிகம் சொல்லும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டம் அளக்கிறது. உங்கள் கிணற்றிலும் அதே மாதங்களில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து வையுங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டும் என்பதில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினாலும் போதும். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.